பெட்டி தூக்கும் பாட்டு

அம்மா இறந்த மறுநாள் காலை ஹான் வெய் தன் குருவுக்குப் போன் செய்தார்.

"நீங்கள் வர வேண்டும். தம்பி சுவோனா ஊதுகிறவர்களைக் கூப்பிட்டுவிட்டான். சாவு வீட்டில் காதல் பாட்டு வாசிக்கிற கூட்டம்."

"சரி."

"பெட்டி தூக்கும்போது எந்தப் பாட்டு என்று மூத்த மகன்தான் சொல்ல வேண்டும். அம்மா காதில் கடைசியாக விழுவது அதுதான் என்பார்கள் எங்கள் ஊரில். அதை அவர்கள் கையில் விட மாட்டேன்."

"வருகிறேன்" என்றார் குரு.

ஹானுக்கு ஐம்பத்தைந்து வயது. குரு யீ லான் அவரைவிடச் சிறியவர். நகரத்தில் அவரிடம் குச்சின் கற்றுவந்தார் ஹான். மேசைமேல் கிடத்தி வாசிக்கும் ஏழு தந்தி வாத்தியம் அது. ஒலி மிக மெல்லியது. கற்றவர்களின் வாத்தியம் என்று பெயர். அதைத் தொட்ட பிறகு வேறு எதையும் இசை என்று சொல்ல ஹானுக்கு வாய் வரவில்லை.

ஹெனான் மாநிலத்துக் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்தது ஹானின் ஊர். குரு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கையில் வெள்ளைச் சாமந்திப் பூக்கள் மட்டும் இருந்தன.

"வாத்தியம் கொண்டுவரவில்லையா?" என்றார் ஹான்.

"துக்கம் கேட்க வந்தேன்."

முற்றத்தில் அம்மாவின் சவப்பெட்டி இருந்தது. வாசலில் தம்பி கூப்பிட்டிருந்த துவானின் குழு. இரண்டு சுவோனா, மூங்கில் குழாய்களைக் கொத்தாகக் கட்டிய ஷெங், ஒரு கீபோர்டு, ஆளுயர ஸ்பீக்கர்கள். சுவோனா என்பது நம் நாதஸ்வரத்துக்குத் தம்பி. வயல் தாண்டிக் கேட்கும்.

"முதலில் நான் வாசிக்கிறேன்" என்றார் ஹான்.

"தாராளமாக. உங்கள் வீடு" என்றார் துவான். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

ஹான் பெட்டிக்கு அருகே மேசை போட்டு வாசித்தார். கண்களை மூடியிருந்தார். சாலையில் லாரிகள் போயின. கோழிகள் கத்தின. வாசித்து முடித்துத் தந்திகள் மேல் உள்ளங்கைகளை வைத்தார்.

சித்தப்பா முன்னால் சாய்ந்து கேட்டார். "சுருதி சேர்த்தாயிற்றாப்பா? சரி, ஆரம்பி. எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஹானுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் வாத்தியத்தை உறையில் போட்டார். துவான் சிகரெட்டை மிதித்து அணைத்தார்.

துக்கத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு பாட்டு கேட்பது அங்கே வழக்கம். முதலில் சித்தி கேட்டாள். சுவோனா ஒரு பெண்ணின் குரல் போலவே ஏறி, திட்டி, அழுது, மறுபடி திட்டியது.

"ஹெனான் தெரு நாடகம். மாமியார் மருமகள் சண்டை" என்று குருவின் காதில் சொன்னார் ஹான்.

குரு சித்தியிடம் கேட்டார். "ஏன் இந்தப் பாட்டு?"

"அக்கா மாவு பிசையும்போது பாடுவாள். மாமியாருக்குக் கேட்கிற மாதிரி."

அடுத்து பஞ்சாலையில் அம்மாவோடு வேலை பார்த்த கிழவர். அவர் கேட்டது ஓர் அணிவகுப்புப் பாட்டு.

"ஒலிபெருக்கிப் பாட்டு. பிரச்சாரம்" என்றார் ஹான்.

"ஏன் இது?" என்று கேட்டார் குரு.

"ஷிஃப்ட் மாறும்போது இதைத்தான் போடுவார்கள். வார்த்தைகளை மாற்றிப் பாடி மேஸ்திரியைக் கிண்டல் செய்வாள். மாட்டிக்கொண்டது நான்" என்றார் கிழவர்.

தம்பி ஒரு பழைய கேசட் பாட்டைக் கேட்டான். ஹாங்காங்கிலிருந்து வந்த மெல்லிய காதல் பாட்டு. ஷெங் அதைத் தனியாக வாசித்தது. ஹான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"அப்பா இறந்தபிறகு அந்த கேசட்டைத் தேயத் தேயப் போட்டாள், அண்ணே. நீ அப்போது நகரத்துக்குப் போய்விட்டாய்" என்றான் தம்பி.

ஹான் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு பக்கத்து வீட்டு ஷியா வந்தாள். பின்னால் ஒரு கூட்டம் பெண்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஊதா பனியன், கையில் வெள்ளைத் துணி.

"திடல் பாட்டை வாசி, துவான். தெரியுமில்லையா?"

"தெரியாமலா? ஊரே தூங்க முடியவில்லையே."

கீபோர்டு தடதடவென்று தொடங்கியது. டிஸ்கோ தாளம். அதன் மேல் இரண்டு சுவோனாக்கள் மேய்ப்பர் பாட்டு மாதிரி ஒன்றை ஊதின. ஊதா பனியன்களின் கால்கள் தாமாகவே அசைந்தன.

"இது என்ன?" என்றார் ஹான்.

"சாயங்காலம் மார்க்கெட் திடலில் இதற்குத்தான் ஆடுவோம். உங்கள் அம்மா முதல் வரிசை. ஸ்பீக்கரைத் தள்ளுவண்டியில் இழுத்து வருவதும் அவர்தான்."

"அம்மாவா? போனில் எப்போதும் முழங்கால் வலி என்றுதானே சொல்வார்?"

"உங்களிடம் வேறு என்ன பேசுவார்? ஆடுவதைச் சொல்லுங்கள் அக்கா என்று நான்கூடச் சொன்னேன். ஐயோ, அவன் பெரிய இசைக்காரன், முகத்தைச் சுளிப்பான் என்றார்."

ஹான் குருவைப் பார்க்கவில்லை.

மதியம் பெட்டியை மூடினார்கள். மூங்கில் கழிகளைக் கயிற்றில் கோத்தார்கள். தூக்குகிறவர்கள் கழிகளைத் தொடாமல் கைகட்டி நின்றார்கள். துவான் வந்தார்.

"அண்ணே, எந்தப் பாட்டு? சொல்லுங்கள்."

ஹான் குருவிடம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கள்."

"நான் உங்கள் அம்மாவைப் பார்த்ததே இல்லை."

"இசை தெரிந்தவர் நீங்கள்."

தூக்குகிறவர்களில் ஒருவன் காலை மாற்றிக்கொண்டான். முற்றத்தில் எல்லாரும் ஹானைப் பார்த்தார்கள். அவர் பெட்டியைப் பார்த்தார்.

"அந்தத் திடல் பாட்டு" என்றார் கடைசியில்.

துவான் தலையைச் சொறிந்தார். "அது குதிக்கிற பாட்டு, அண்ணே. அந்த வேகத்தில் நடந்தால் இவர்கள் பெட்டியோடு கோதுமைக்குள் விழுவார்கள்."

"விழ மாட்டோம்" என்றான் முன்கழிக்காரன்.

"நீ சும்மா இரு."

ஹான் தாழ்ந்த குரலில் குருவிடம் கேட்டார். "பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்லட்டுமா? கொஞ்சம் கௌரவமாக இருக்கும்."

"உங்கள் அம்மா மெதுவாகவா ஆடினார்?"

ஹான் திரும்பி ஷியாவைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையாட்டியதும், "அதே வேகம்" என்றார் துவானிடம்.