பட்டாம்பூச்சி ஆன தங்கச்சி

ஒரு ஊர்ல ஒரு சுனை இருந்துச்சாம், கண்ணு. மலைக்கு அடியில, பாறை இடுக்குல. தண்ணி சில்லுனு இருக்கும். ஆனா யாரும் குடிக்க மாட்டாங்க. அது கன்னிமார் சுனை. ஏழு கன்னிச் சாமிங்க அங்க குளிக்க வருவாங்களாம். ம் சொல்லு.

"ம்."

அந்த ஊர்ல வேலாத்தான்னு ஒரு பொண்ணு. அவளுக்கு ஒரு குட்டித் தங்கச்சி, மயிலா. ரெண்டு பேரும் வெறகு பொறுக்கப் போனாங்க. அப்போ மயிலாவுக்குத் தாகம். அக்கா அந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள சுனையில வாய வச்சு மடக்கு மடக்குனு குடிச்சிட்டா. அவ்வளவுதான், ஆளைக் காணோம்! அவ நின்ன எடத்துலேர்ந்து ஒரு பட்டாம்பூச்சி படபடபடன்னு மேல ஏறி, பூச்செடிப் பக்கம் போச்சு. அங்க ஏற்கெனவே ஒரு பெரிய கூட்டம். எல்லாம் ஒரே மாதிரி. கறுப்பு றெக்கை, கீழ் றெக்கையில வெள்ளைத் திட்டு, ஓரத்துல செவப்புப் பொட்டு. அதுக்குள்ள போய்க் கலந்துடுச்சு.

வேலாத்தா ஓன்னு அழுதா. அப்போ கடைசிக் கன்னி தண்ணிக்குள்ளேர்ந்து எட்டிப் பாத்தா.

"அழாத பொண்ணே. பொழுது சாயறதுக்குள்ள உன் தங்கச்சிய நீ தொட்டுட்டா அவ திரும்பி வந்துருவா. ஆனா ஒரே ஒரு தடவைதான் தொடலாம். தப்பா தொட்டா, அவ இப்படியே பறந்து போயிடுவா."

"எப்படித் தாயி கண்டுபுடிக்கறது?"

"உன் தங்கச்சி உடம்புல விஷம் இல்ல." குபுக்! உள்ள போயிட்டா.

"பட்டாம்பூச்சிக்கு விஷம் இருக்குமா மாமா?"

சிலதுக்கு இருக்கும் கண்ணு. நம்மள ஒண்ணும் பண்ணாது. புடிச்சுத் திங்கற குருவிக்குத்தான் கசக்கும். அப்போ பாரு, ஒரு கரிச்சான் குஞ்சு சர்ருனு எறங்கி ஒண்ணைக் கவ்வுச்சு. கவ்வுன வேகத்துல த்தூன்னு துப்பிடுச்சு! கீழ விழுந்த பட்டாம்பூச்சிக்கு உடம்பு செக்கச்செவேல்னு இருந்துச்சு. வேலாத்தா மத்ததைக் குனிஞ்சு பாத்தா. றெக்கை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஆனா சிலதுக்கு உடம்பு செவப்பு, சிலதுக்கு உடம்பு கறுப்பு!

"அடி கள்ளி! செவப்பு உடம்புக்காரியோட சேலையக் கட்டிக்கிட்டு குருவிய ஏமாத்துறியா?"ன்னா. அப்போ மயிலா கறுப்பு உடம்புக்காரிங்கள்ல ஒருத்தி. சரிதானே?

"ம்..."

அப்புறம் பாத்தா, கறுப்பு உடம்புக்காரிங்க எல்லாம் விர்ருனு கெளம்பிடுச்சுங்க. வேலாத்தா பின்னாடியே ஓடுனா. முள்ளு கிழிச்சுது. கல்லு தடுக்குச்சு. பொத்துனு விழுந்தா. நிமிந்து பாத்தா ஒண்ணையும் காணோம். சூரியன் வேற மலைப் பக்கம் எறங்குது. அவளுக்கு மூச்சு வாங்குச்சு. அங்கயே உக்காந்துட்டா. அப்போ பக்கத்துல ஒரு நாரத்தை மரம். எலையில குருவி எச்சம் மாதிரி என்னமோ இருக்கு. உத்துப் பாத்தா அது நெளியுது! கறுப்பு உடம்புக்காரியோட குட்டிப் புழு. "புள்ள இங்க இருந்தா ஆத்தாளும் இங்கதானே வருவா"ன்னு நெனச்சுக்கிட்டு, அசையாம காத்திருந்தா.

காத்து மெல்ல வீசுச்சு. நாரத்தை எலை வாசம். கண்ணு சொக்குது அவளுக்கு. அப்போ படபட, படபட... ஒண்ணு வந்துச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் கூட்டமாவே வந்துச்சு. எல்லாம் கறுப்பு உடம்பு. எல்லாம் பொட்டு. இதுல எது மயிலா?

ஒண்ணு வந்து எலையத் தொட்டுச்சு. வால மடக்கி முத்து மாதிரி ஒரு முட்டை வச்சுது. போச்சு. அடுத்தது வந்துச்சு. முட்டை வச்சுது. போச்சு. வெயில் மஞ்சளாச்சு, அப்புறம் செவப்பாச்சு. ஒண்ணு மட்டும் எலையில உக்காருது, எந்திரிக்குது. கெளைக்குக் கெளை தாவுது. முட்டையே வைக்கல. வேலாத்தா எட்டிப் பாத்தா. "இதுக்கு முட்டை வைக்கவே தெரியலயே... சின்னப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?" ஒருவேள தப்பாயிட்டா? சூரியன் பாதி மறைஞ்சிடுச்சு. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, ஒரு வெரலால மெத்துனு தொட்டா.

தொபுக்குனு மடியில ஒரு கனம்!

"அக்கா! பட்டாம்பூச்சிக்குக் காலுலதான் நாக்கு. நான் காலால ருசி பாத்தேன்க்கா. எலை புளிப்பா இருந்துச்சு."

வேலாத்தா அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா.

"எல்லாரும் ஒரே மாதிரி இருந்தோமே, என்னை எப்படிக்கா கண்டுபுடிச்ச?"

"எல்லாரும் வேலை பாத்தாங்கடி. நீ மட்டும்தான் வெளையாடிக்கிட்டு இருந்தே."

அப்புறம் தங்கச்சிய முதுகுல உப்பு மூட்டை தூக்கிக்கிட்டு வீட்டுக்கு நடந்தா. பாதி வழியிலயே முதுகு மேல குர்ர்... குர்ர்...

ம் சொல்லு கண்ணு.

ம்?

சரி, சரி. அவங்க வீடு போய்ச் சேந்துட்டாங்க. கதையும் றெக்கைய மடக்கிடுச்சு. நீ தூங்கு.