வாய் பூட்டிய வகுப்பு

கொள்ளைநோய் வந்த வருடம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அடுத்த புதன்கிழமை பாடமெல்லாம் செல்போனுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் அப்பா போனையும் அக்கா போனையும் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆசிரியர்கள்தான் திணறிப்போனார்கள்.

எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் சபாபதி மட்டும் திணறவில்லை. அவர் வகுப்பில் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளின் குரலையும் ஒரே தட்டில் அடைத்துவிட ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுச் சுவரில் ஒரு போர்டை மாட்டி, போனை எதிரே நிறுத்தி, ஒரு குறுக்கீடும் இல்லாமல் சதவீதம் நடத்தினார்.

ஆனாலும் உள்ளே பயம் இருந்தது. தெருவில் ஆம்புலன்ஸ் போகாத நாளில்லை. எதிர்வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்ததும் ஆட்கள் வந்து வாசலைத் தகரம் வைத்து அடைத்துவிட்டுப் போனார்கள். கழுவிக் கழுவி அவர் கைத்தோல் உரிந்துவிட்டது.

தலைமையாசிரியை மெகருன்னிசா அவரைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனால் சபாபதிக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முதல் நாள் வகுப்பில் சபாபதி பயந்துபோய் நின்றபோது, சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர். அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் என்றாலும் சபாபதி அவரிடம்தான் போவார். இப்போது போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், பயமா இருக்கு. இந்தப் பயத்தோட எப்படிப் பாடம் நடத்துறது?"

"இன்னிக்கு வகுப்புக்கு யார் யார் வந்தாங்க?"

"எல்லாரும் வந்தாங்க. பேரெல்லாம் வரிசையா நிக்குதே."

"பேரைக் கூப்பிட்டீங்களா?"

"எதுக்கு டீச்சர்? அதான் திரையிலேயே இருக்கே. குரலைத் திறந்துவிட்டா நாய் குரைக்கும், குக்கர் விசிலடிக்கும், ஒரே சந்தைக்கடையா ஆயிரும்."

"நாளைக்கு நானும் வகுப்புக்கு வர்றேன். எல்லார் குரலையும் திறந்துவிட்டுப் பேரைக் கூப்பிடுங்க."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே டீச்சர்."

மெகருன்னிசா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் சபாபதி மனசில்லாமல் குரல்களைத் திறந்தார். எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. எங்கோ பாத்திரம் உருண்டது. ஒரு டிவி செத்தவர்களின் எண்ணிக்கையை வாசித்தது. அவர் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"உள்ளேன் சார்."

"உள்ளேன் சார்."

இவ்வளவு நாள் வாய் பூட்டிக் கிடந்த பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். கத்திச் சொன்னார்கள்.

"ரோஷினி."

பதில் இல்லை.

"ரோஷினி வரலை போல. அடுத்தது..."

"இருங்க சார்," என்றார் மெகருன்னிசா. "பேரு தெரியுதுல்ல. இன்னொரு தடவை கூப்பிடுங்க."

சபாபதி கூப்பிட்டார். பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. யாரோ மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். சபாபதி போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"ரோஷினி... இருக்கியாம்மா?"

"உள்ளேன் சார்." காய்ந்துபோன குரல். "அம்மாவுக்கு மூச்சு வாங்குது சார். எந்திரிக்கவே மாட்டேங்குறாங்க."

"அப்பா எங்க?"

"லாரில லோடு கொண்டு போனாங்க. ரோடெல்லாம் அடைச்சதுல வழியில மாட்டிக்கிட்டாங்க."

"பக்கத்து வீட்ல சொல்லலையா?"

"தெரிஞ்சா தகரம் அடிச்சிருவாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னு அம்மா சொன்னாங்க. உங்ககிட்ட மட்டும்தான் சார் சொன்னேன்."

"எங்கிட்டயா? எப்போ?"

"நேத்து சார். வகுப்புல. கத்திக் கத்திக் கூப்பிட்டேன். நீங்க போர்டுல எழுதிக்கிட்டே இருந்தீங்க."

சபாபதி சாக்பீஸைக் கீழே வைத்தார்.

மெகருன்னிசா அதற்குள் வீட்டில் இருந்த இன்னொரு போனில் ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளையும் வகுப்பை விட்டுப் போகவில்லை. எல்லாரும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது நிற்கும்போது, அடுத்தது வருமா என்று பயந்தார்கள். பிறகு ரோஷினியின் போன் வழியாகவே சைரன் கேட்டது. கதவு திறந்தது. யார் யாரோ பேசினார்கள். திரையில் அவள் பெயர் மறைந்தது.

சாயங்காலம் சேதி வந்தது. அம்மாவுக்கு ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள். ரோஷினிக்கும் காய்ச்சல். அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

சபாபதி மறுபடியும் தலைமையாசிரியையைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நேத்தைவிட இப்போ அதிகமாப் பயமா இருக்கு."

"எனக்கும்தான் சார்."

"நாளைக்குப் பேரைக் கூப்பிடும்போது, யாராவது ஒரு பிள்ளை பதில் சொல்லலைன்னா என்ன செய்யறது?"

"சொல்ற வரைக்கும் அடுத்த பேருக்குப் போகாதீங்க."