முட்கள் வெளியே, அவள் உள்ளே

பூச்சிகளும் பேசிய அந்தக் காலத்தில், பேச்சுக்குப் பஞ்சமில்லை, கேட்கத்தான் ஆளில்லை. கருவேலங்காட்டுக்கு நாட்டாமை ஓணான். கேள்வியையும் அவனே கேட்பான், பதிலுக்குத் தலையையும் அவனே ஆட்டிக்கொள்வான். அதற்குப் பெயர் சபை.

அந்தக் காட்டில் அங்காயி என்றொரு அந்துப்பூச்சி இருந்தாள். சாம்பல் நிற இறக்கை, சும்மா இருக்காத வாய். பூட்டுத் திறப்பது அவள் தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு விழிக்கிற எறும்பாகட்டும், உள்ளே தாழ் விழுந்து பிள்ளை மாட்டிக்கொண்ட வீட்டுக்காரியாகட்டும், அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாலைந்து சுள்ளி, இரண்டொரு முள், அவ்வளவுதான் கருவி. கதவில் காதை வைத்துக்கொண்டு, "இரு கண்ணு, இதோ ஆச்சு, அடம் பிடிக்காதே" என்று பூட்டோடு பேசுவாள். பூட்டும் வாயைத் திறந்துவிடும்.

அவள் புருஷன் வீரணனும் அந்துப்பூச்சிதான். நல்லவன் என்று காடே சொல்லும். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். ஒரு ஆம்பிளையை நல்லவன் என்று சொல்ல அந்தக் காட்டுக்கு அவ்வளவு போதும்.

மழை பொய்த்த வருஷம், வெள்ளைப்பூசணம் வந்தது. உடம்பெல்லாம் மாவைத் தூவினாற்போல் பூக்கும், கால் விறைக்கும், பிறகு ஆள் எழமாட்டார். ஓணான் சபையைக் கூட்டினான்.

"பூசணம் பிடிச்சவங்களை எல்லாம் பட்ட கருவேலம் பொந்துக்குள்ள வெச்சுப் பூட்டிடுவோம். பூசணம் தீர்ந்ததும் திறந்துவிடுவோம். சரிதானே?" என்றான். சரிதான் என்று ஆட்டிக்கொண்டான்.

"பூசணம் தீர்ந்ததுமா, ஆளு தீர்ந்ததுமா?" என்று கேட்டாள் அங்காயி. "உள்ள தண்ணி யாரு குடுப்பா? சாவி யாருகிட்ட இருக்கும்? எப்ப திறப்பீங்கன்னு சொல்லுங்க, நாங்க போறோம்."

சபையில் யாரோ சிரித்தார்கள். ஓணான் அவளைப் பார்க்கவே இல்லை. "வீரணா, உன் வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போப்பா. வெயில்ல நின்னா தலை சுத்தும்" என்றான். பிறகு இன்னொரு ஆணையும் போட்டான்: பூட்டுத் திறக்கிற சுள்ளியோ முள்ளோ யார் வீட்டில் அகப்பட்டாலும், அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் இறக்கையைப் பிய்த்துவிடுவது. இந்த ஆணைக்கும் பொந்துக் கதவுக்கும் தேள்கள் காவல்.

வீரணன் தன் இறக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பொந்துக்குள் முதலில் தள்ளப்பட்டவர்களில் ஒருத்தி முத்துப்பேச்சி என்கிற சிள்வண்டு. அங்காயியும் அவளும் ஒரே கிளையில் வளர்ந்தவர்கள். பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து முத்துப்பேச்சியின் குரல் காடு முழுக்கக் கேட்டது. அந்தச் சத்தம் கேட்கிறவரை அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். நாளுக்கு நாள் அது மெலிந்துகொண்டே வந்தது.

"திறக்கப் போறேன்" என்றாள் அங்காயி.

"தேளு நிக்குது புள்ள" என்றான் வீரணன்.

"நிக்கட்டும். அதுக்குத்தான் ஒரு பை வேணும். முள்ளைக் கையில தூக்கிட்டுப் போனாத்தானே பிடிப்பான்?"

பை தேடினாள். முதலில் வாகை நெற்று. கருவிகள் கச்சிதமாகத்தான் அடங்கின. ஆனால் ஓரடி வைத்ததும் கலகலவென்று ஊரைக் கூட்டியது. "இதுக்கு நானே கத்திட்டுப் போயிடலாம்" என்று எறிந்தாள். பாம்பு உரித்துப் போட்ட சட்டையை எடுத்தாள். இலேசு, நீளம், மடிக்கவும் வரும். வெயில் பட்டதும் பளபளத்தது, போதாததற்கு, "என் பழைய சட்டையை வெச்சுக்கிட்டு எங்கடி போறே?" என்று பாம்பு வேறு வந்து நின்றது. குளவியின் மண்கூட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு தடவை கை நழுவியதும் தூள்.

கடைசியில் தன் வாயிலிருந்தே நூல் இழுத்து அவளே ஒரு பை பின்னினாள். பின்னி முடித்து, சுள்ளிகளையும் முட்களையும் ஒவ்வொன்றாகப் பையின் வெளிப்பக்கத்தில் நெடுக வைத்து ஒட்டினாள்.

வீரணன் சிரித்துவிட்டான். "பைன்னா உள்ள வைக்கத்தானே? உலகத்துல எவளாவது சாமானைப் பைக்கு வெளியில வெப்பாளா?"

"உள்ள வெச்சா துழாவணும். அவசரத்துல துழாவினா எதுவும் கையில வராது. வெளியில இருந்தா, பாக்கிறவன் கண்ணுக்கு விறகு, என் கைக்குக் கருவி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம். கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன்."

"அப்ப உள்ள என்னத்தை வைக்கப் போறே?"

"முத்துப்பேச்சியை."

அவன் சிரிப்பு நின்றது.

"அவளுக்குக் கால் விறைச்சிருக்கும், நடக்க மாட்டா. கதவைத் திறந்தா மட்டும் போதுமா? உள்ள படுக்க வெச்சு இழுத்துட்டு வந்துடுவேன். என் உசரம்தான் அவளும். பாரு, என் அளவுக்குத்தான் பின்னியிருக்கேன்." பையின் வாயில் சுருக்குக் கயிறு வைத்தாள், தலை மட்டும் வெளியே இருக்க, இரண்டு முன்கை நுழைகிற அளவுக்கு இடம் விட்டாள். மூச்சு விட வேண்டுமே. கருவிகளிலேயே கூரானது கொக்கிமுள். பொந்துக் கதவின் உள்தாழைத் தூக்க அது ஒன்றால்தான் முடியும். நூலை அறுக்கவும் அது ஒன்றால்தான் முடியும். முத்துப்பேச்சியின் முகத்தில் குத்திவிடக் கூடாதே என்று, அதை மட்டும் பையின் வாலோரம், கடைசியில் ஒட்டினாள்.

நட்ட நடுப்பகல். தேள்கள் நிழலில் சோம்பிக் கிடக்கிற நேரம் அதுதான். கிளம்புமுன், "ஒரு ஆளு பாரம் தாங்குதான்னு பாத்துடுவோம் மச்சான். நான் உள்ள படுக்கிறேன், நீ கயித்தை இழு" என்று இறக்கையை மடக்கிக்கொண்டு நுழைந்தாள். வீரணன் கயிற்றை இழுத்தான். பை தாங்கியது.

"தாங்குது! சரி, அவிழ்த்துவிடு."

அந்த நேரம் பார்த்துத் தேள் ஒன்று வாசலில் வந்து நின்றது. "சோதனை" என்றது. "அது என்ன கட்டு?"

வீரணன் தலையைத் தூக்கவில்லை. "விறகு சாமி."

அங்காயி தலையைப் பைக்குள் இழுத்துக்கொண்டாள். தேள் கொடுக்கால் சுள்ளிகளைத் தட்டிப் பார்த்தது, வீட்டைச் சுற்றிப் பார்த்தது. "உன் வீட்டுக்காரி எங்கப்பா? வாயாடி?"

"வீட்டுக்குள்ளதான் இருக்கா. இனிமே வெளியில வரமாட்டா."

"அதான் குடும்பத்துக்கு அழகு" என்று சொல்லிவிட்டுப் போனது தேள்.

உள்ளே அங்காயிக்குச் சிரிப்பு வந்தது. என்னமாய்ச் சமாளிக்கிறான் மனுஷன்! "போயிட்டான். அவிழ்த்துவிடு மச்சான், சீக்கிரம்."

வீரணன் அவிழ்க்கவில்லை. கருவேலமரத்தில் வடிந்துகொண்டிருந்த பிசினை வழித்து எடுத்து வந்தான். சுருக்குக் கயிற்றின் முடிச்சில் தடவினான். பிறகு ஓரத்தைச் சுற்றிலும் தடவினான். அந்த வெயிலில் பிசின் கல்லாக இறுகியது.

"என்னடா பண்றே?"

"கோபப்படாதே புள்ள. இன்னைக்கு ஒரு நாள் இரு. நாளைக்கு அவிழ்த்துவிடுறேன். நீ போனா உன் இறக்கை போகும், என் இறக்கையும் போகும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். உள்ள நிழலாத்தானே இருக்கு? தழையைப் பறிச்சு நானே கொண்டாந்து குடுக்கிறேன்."

அவள் கத்தினாள், கெஞ்சினாள், நியாயம் பேசினாள். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். அப்படிக் கேட்பதும் கதவைச் சாத்துகிற ஒரு வகைதான். கேட்டு முடித்துவிட்டுப் பறந்துபோனான்.

அங்காயி தலையையும் இரண்டு முன்கையையும் வெளியே நீட்டினாள். மண்ணைப் பற்றி இழுத்தாள். பையோடு சேர்ந்து நகர்ந்தாள். ஒரு பிடி, ஒரு இழுப்பு. ஒரு பிடி, ஒரு இழுப்பு. வழியில், பொந்துக்குக் காவல் நின்ற தேள் எதிரே வந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அது அவளைத் தாண்டிப் போனது. விறகுதானே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் செய்த பை அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

பொழுது சாயும்போது பட்ட கருவேலத்தில் ஏறிப் பொந்துக் கதவை எட்டினாள்.

"பேச்சி!"

உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். "வந்துட்டியாடி? நீதான் வருவேன்னு இவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டே இருந்தேன்."

"வந்துட்டேன். எத்தனை பேரு இருக்கீங்க?"

"பேசுறது நான் மட்டும்தான். திற."

அங்காயி பையின் வாயோரத்தில் இருந்த சுள்ளியை உருவிப் பூட்டில் விட்டாள். முதல் தாழ் விலகியது. அடுத்த சுள்ளி, அடுத்த தாழ். உள்தாழ் மட்டும் மிச்சம். கொக்கிமுள்ளுக்குக் கையை நீட்டினாள். எட்டவில்லை. உடம்பை முறுக்கினாள், பையைக் கதவில் தேய்த்தாள், நூலைப் பல்லால் கடித்தாள். தானே இழுத்துத் தானே முறுக்கிய நூல். அறுந்தால் முத்துப்பேச்சி விழுந்துவிடுவாளே என்று பார்த்துப் பார்த்து முறுக்கியது. அது அறுமா?

"என்னடி ஆச்சு?"

"கை எட்டலை பேச்சி."

"எதுக்கு எட்டலை? கதவுகிட்டதானே நிக்கிறே?"

"இரு கண்ணு, இதோ ஆச்சு" என்று மட்டும் சொன்னாள் அங்காயி. பூட்டிடம் சொல்கிற அதே சொல்.

முத்துப்பேச்சி மெல்ல ஒரு தடவை கீச்சிட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு காடு நிசப்தமாக இருந்தது.

மறுநாள் அந்தி நேரத்தில் வீரணன் அவளைத் தேடிக்கொண்டு பொந்துக்குப் பறந்து வந்தான். பையின் வாயருகே உட்கார்ந்து, "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்டான். பிசின் கல்லாயிருந்தது. அவன் அதை உடைத்துப் பார்க்கவும் இல்லை. உள்ளே மடங்கியிருந்த அவள் இறக்கை அதற்குள் உதிர்ந்து போயிருந்தது. "எங்க போகப்போறே, இங்கயே பத்திரமா இரு" என்று சொல்லிவிட்டுப் போனான். நல்லவன் என்று காடு இப்போதும் அவனைச் சொல்கிறது.

அன்று முதல்தான் சுள்ளிப்பூச்சி என்கிற அந்த அந்துப்பூச்சி இனத்தில் ஆணுக்கு இறக்கை, பெண்ணுக்குப் பை. கருவேலங்கிளையில் சின்ன விறகுக்கட்டுப் போலத் தொங்குகிறதே, அதற்குள் இருப்பவள் அவள்தான். முட்டையிடுவதும் அதற்குள்ளேதான், சாவதும் அதற்குள்ளேதான். பாதுகாப்பாக இருக்கிறாள் என்று சொல்கிறவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும்: தலையையும் கையையும் நீட்டி, எட்டுகிற சுள்ளியை எல்லாம் ஒன்றுவிடாமல் நறுக்கி எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பையின் வாயோரத்தில் ஒட்டிக்கொண்டே இருப்பாள். கொக்கிமுள் இன்னும் அவள் கைக்குக் கிடைக்கவில்லை.