முயல் வீட்டுச் சுவரில் சுட்ட பூக்கள்

ஒரு காட்டில், ஓடைக்கரையை ஒட்டிய செம்மண் மேட்டில், நாற்பது வளைகள் இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே உருவம். எந்த வளையில் யார் குடியிருக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கே வாழ்ந்தவர்களுக்கு அதுதான் பூட்டும் தாழ்ப்பாளும்.

அந்த மேட்டில் ஒரு முயல் தன் மூன்று குட்டிகளோடு இருந்தது. களிமண்ணைக் கண்டால் போதும், அதற்குக் கை சும்மா இருக்காது. மண்ணை மிதித்துக் குழைத்து, இதழ் இதழாகக் கிள்ளிப் பூக்கள் செய்யும். நிழலில் உலர்த்திச் சருகுக் குவியலில் சுடும். பிறகு சாம்பலும் பொடிமணலும் கரைத்துப் பூசி மறுபடி சுட்டால், பூக்கள் கண்ணாடிபோல் மினுங்கும். வீட்டுச் சுவரில் கருவேல முட்களைக் குத்தி, அவற்றில் பூக்களை மாட்டியிருந்தது. பூசணிப்பூ, தும்பைப்பூ, ஆவாரம்பூ என்று உள்ளே ஒரு தோட்டமே இருந்தது, குழந்தைகளே.

முயலுக்கு ஒரே ஒரு குறை. பாராட்ட ஆள் இல்லை. குட்டிகளைக் கேட்டால், "நன்றாக இருக்கிறது அம்மா, தின்னலாமா?" என்று கேட்கும்.

ஆகவே ஒருநாள் அணிலிடம் தன் பூக்களைப் பற்றிச் சொன்னது. அணிலிடம் சொன்னால் காட்டுக்கே சொன்ன மாதிரி. பேச்சு நரியின் காதுக்கும் போயிற்று.

மறுநாள் முயல் களிமண் தோண்டிக்கொண்டிருந்தபோது, நரி அக்கரையில் வந்து உட்கார்ந்தது. ஓடையில் வெள்ளம் சுழித்து ஓடியதால் முயல் ஓடவில்லை.

"பயப்படாதே, முயலம்மா. எத்தனையோ காடு சுற்றியவன் நான். உன் வீட்டுச் சுவர்ப் பூக்களைப் போல எங்கும் பார்த்ததில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றது நரி.

முயலின் காதுகள் தாமாக நிமிர்ந்தன. "உண்மையாகவா?"

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் ஒரு வருத்தம். இவ்வளவு அழகையும் இருட்டுக்குள் வைத்திருக்கிறாயே. வாசலைச் சுற்றி மாட்டிப் பார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள்."

இது நமக்கு ஏன் தோன்றவில்லை என்று முயல் நினைத்தது. மனத்துக்குள் பூசணிப்பூவை வாசலில் மாட்டியும் விட்டது. பக்கத்தில் தும்பையா, ஆவாரம்பூவா என்பதுதான் பாக்கி.

"உங்களுக்கு எந்தப் பூ ரொம்பப் பிடித்தது? அதை நடுவில் மாட்டுகிறேன்."

நரி சற்று யோசித்தது. "அந்தத் தாமரைதான். என்ன சிவப்பு, என்ன சிவப்பு."

முயலின் காதுகள் மெல்லத் தணிந்தன. தாமரை இதழ் சூட்டில் வெடித்துவிடும் என்று அது தாமரை செய்ததே இல்லை. 'அப்படியென்றால் இந்த நரி என் பூக்களைப் பார்க்கவே இல்லை. நாற்பது வாசலில் என் வாசல் எது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறது.' வளைக்குள் இருந்த குட்டிகள் அதன் நினைவுக்கு வந்தன.

முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "நாளை மதியத்துக்குள் மாட்டிவிடுகிறேன். வெள்ளம் வடிந்ததும் வந்து பாருங்கள்" என்றது.

மேட்டின் கோடி வளையில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. பகலெல்லாம் வாசலுக்கு முதுகைக் காட்டித் தூங்கும். தூக்கம் கெட்டால் பொல்லாத கோபம் வரும். முயல் அங்கே போயிற்று.

"அண்ணா, நாளை ஒரு பொழுது உங்கள் வாசலில் என் பூக்களை மாட்டிக்கொள்ளட்டுமா? ஒரு விருந்தாளி வருகிறார்."

"யாரது?"

"நரி."

முள்ளம்பன்றி ஒரு கண்ணைத் திறந்தது. "சத்தம் போடாமல் மாட்டு. நான் தூங்க வேண்டும்."

மறுநாள் மதியம் நரி வந்தது. கோடி வாசலைச் சுற்றிப் பூக்கள் வெயிலில் மினுங்கின. நரி அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே பாய்ந்து தலையை வளைக்குள் நுழைத்தது.

அடுத்த நொடி மூக்கில் ஏழு முட்களோடு வெளியே வந்தது. ஊளையிட்டுக்கொண்டே ஓடையைக் கடந்து ஓடியது. அப்புறம் அந்த மேட்டுப் பக்கம் அது தலைவைத்துப் படுக்கவில்லை.

முயல் ஓடி வந்து பூக்களைக் கழற்றப் போயிற்று. உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்ன செய்கிறாய்?"

"ஒரு பொழுதுக்குத்தானே கேட்டேன், அண்ணா. எடுத்துக்கொள்கிறேன்."

முள்ளம்பன்றி வெளியே வந்து தன் வாசலைத் திரும்பிப் பார்த்தது. கிட்டப் போய் ஒவ்வொரு பூவாகப் பார்த்தது.

"இந்தப் பூசணிப்பூவின் ஓரம் சுருங்கியிருக்கிறதே, நிஜப் பூ மாதிரியே" என்றது கடைசியில். "இதை எப்படிச் செய்தாய்?"

முயல் அங்கேயே உட்கார்ந்து சொல்லத் தொடங்கியது.

நீதி: பார்க்காமலே புகழ்கிறவரின் கண் வேறெதன் மேலோ இருக்கிறது.