காது அறுந்த பை

“ஆத்துல ஆழம் எந்தப் பக்கம் இருக்கு, டீச்சர்?”

கேட்டவர் கலியபெருமாள். ஐம்பது வயதைத் தாண்டியவர். போன வருஷம்வரை லாரி ஓட்டினார். சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது.

டீச்சர் என்றால் ரெஜினா. அவருக்கு மகள் வயசு. பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. தார் வெட்டியபின் தோப்புக்காரர்கள் வீசி எறியும் வாழை மரத்தைக் கொண்டுவந்து, மட்டை கிழித்து, நார் எடுத்து, பை பின்னக் கற்றுக்கொடுக்கிறவள். அவளிடம் கற்கிற எல்லோரையும் ஊர் ஒரே பேரில்தான் கூப்பிடும். பாவம் என்று.

ரெஜினா நனைத்த நார்க் கற்றையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“இது எதுக்கு?”

“முறுக்குங்கண்ணே.”

“முறுக்கி?”

“பை பின்னுங்க.”

“பின்னி?”

ரெஜினா எழுந்து போய்விட்டாள்.

கலியபெருமாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“பரண்மேல போடுறதுக்குத்தானே!” என்று அவள் போன திசையில் கத்தினார்.

விஷயம் இதுதான். ரெஜினாவின் பட்டறையில் நார் உரிக்கிறவன் சவரி. அவனுக்கு ஒரு கைதான். போன பொங்கலுக்கு மொத்தமாகப் பை வாங்கிய ஒரு முதலாளி வீட்டுக்கு அன்று அவன் போயிருந்தான். பைகள் பரண்மேல் கிடந்தன. போட்ட கட்டைக்கூட யாரும் பிரிக்கவில்லை. வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். கலியபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

யாருக்கும் வேண்டாத பொருளைச் செய்வதற்கு ஒரு மனுஷன் எதற்காகக் காலையில் எழுந்திருக்க வேண்டும்?

அன்றைக்கு அவர் ஒரு காரியம் செய்தார். பையைத் தூக்கிப் பிடிக்கிற காதுக்கு முறுக்கு ஏற்றவே இல்லை. ஈர நாரைச் சும்மா உருட்டி, காயவிட்டு, தைத்து முடித்தார். தொட்டால் கயிறு மாதிரிதான் இருக்கும். சுமை ஏறினால்தான் சாயம் வெளுக்கும்.

பரணுக்குப் போகிற பைக்கு முறுக்கு ஒரு கேடா?

ஒவ்வொரு பையையும் காலால் மிதித்துக்கொண்டு, காதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பது ரெஜினாவின் வழக்கம். இந்தப் பையை அவள் மிதிக்கவில்லை. காதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். விரல் நின்றது. அந்த அமைதி அவருக்குக் கேட்டது.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார்.

அவள் பையை விற்பனைக்குரிய அடுக்கில் வைத்தாள்.

கலியபெருமாளுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஆக, இவளும் பாவம் பார்க்கிறாள். இனி யார் இருக்கிறார்கள்?

மறுநாள் பாலத்து முனையில் சந்தை. சவரி வழக்கம்போல் துணிப் பேனரைக் கட்டினான். ஏதோ ஒரு சங்கம் தானமாகக் கொடுத்தது. ‘மாற்றுத்திறனாளிகள் பின்னியவை. வாங்கி அவர்களை வாழ வையுங்கள்.’

“அதை அவுருடா,” என்றாள் ரெஜினா.

“ஏங்க்கா?”

“இங்க உக்காந்து பின்னக் கொண்டாந்த ஈர நாருக்குப் போர்த்தத் துணி இல்லைன்னு சொன்னேல்ல? அதுக்கு ஆகும்.”

பேனர் நார்மேல் ஏறியது. அன்றைக்கு வியாபாரம் படுத்துவிட்டது. வழக்கமாக நின்று ‘ச்சு’ கொட்டுகிறவர்கள்கூட நிற்கவில்லை. தாண்டிப் போகிற செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பார்த்தீர்களா, பேனர் இல்லாவிட்டால் இதுதான் நம் விலை என்று நினைத்துக்கொண்டார் கலியபெருமாள்.

சாயங்காலம் ஒரே ஒரு பை போயிற்று. தக்காளி விற்கிற ஓர் அம்மா, சவரியோடு மல்லுக்கட்டி, விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டு ஓடினாள்.

“அண்ணே, உங்க பைதான்!” என்றான் சவரி.

கலியபெருமாள் தடியைத் தேடி எடுத்தார். பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் நன்றாகவே கேட்டது. இன்றோடு சரி.

எழுந்து நின்றார்.

“எவன்யா இந்தப் பையைப் பின்னினது?”

சந்தையே அடங்கிவிட்டது. தக்காளிக்கார அம்மா திரும்பி வந்திருந்தாள்.

“ரோட்டைத் தாண்டல, காது புட்டுக்கிச்சு! பையில போட்ட தக்காளி பூரா நடுரோட்டுல! மேல பஸ்ஸு ஏறிப் போச்சு! எவன் பின்னினான், சொல்லுங்க!”

“அண்ணே,” என்றாள் ரெஜினா. “உங்களைத்தான் கேக்குறாங்க.”

கலியபெருமாள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

“நான்தாம்மா.”

பக்கத்துக் கடைக்காரர் குறுக்கே வந்தார். “விடும்மா. பாவம், கண்ணு தெரியாதவரு.”

இனி என்ன நடக்கும் என்பது கலியபெருமாளுக்கு மனப்பாடம். குரல் இறங்கும். ஐயோ என்பாள். போய்விடுவாள்.

“கண்ணு தெரியலைன்னா? கை என்ன பண்ணிச்சு?” என்றாள் அவள். “வேலை செய்யத் தெரியலைன்னா ஏன்யா பின்னுறே? நாலு பேரு புழங்குற சாமானா இல்லையா?”

லாரி ஓட்டிய காலத்தில் ஊர் ஊராகத் திட்டு வாங்கியவர் அவர். கண் போனபின் பெற்ற மகன்கூட அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இப்போது நடுச்சந்தையில் வெட்கம் பிடுங்கித் தின்றது. உடம்பு கூசியது. அந்தக் கூச்சத்தோடு அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“தக்காளிக்கு நான் குடுத்துடுறேங்க்கா,” என்றாள் ரெஜினா.

“நீ எதுக்குக் குடுக்கணும்? பின்னினவரு பின்னித் தரட்டும். விடிஞ்சா நான் எதுல சரக்கைத் தூக்குறது? இங்கேயே உக்காந்திருக்கேன்.”

சொன்னபடி தரையில் உட்கார்ந்தும் விட்டாள். வளையல் சத்தம் கேட்டது.

கலியபெருமாள் ரெஜினா பக்கம் குனிந்தார்.

“தெரிஞ்சேதான் அடுக்குல வச்சீங்களா, டீச்சர்?”

“தெரிஞ்சேதானே முறுக்காம விட்டீங்க?”

ரெஜினா பேனருக்கு அடியில் கைவிட்டு, ஈர நார் ஒரு கற்றையை உருவி நீட்டினாள்.

கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் தடியைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். முதல் நார்ப் பிரியைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். போதவில்லை. இன்னொரு தேய்ப்பு.

கை நின்றது. எதிரே வளையல் சத்தம் கேட்ட பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஏம்மா, ஒரு நடைக்கு எத்தனை கிலோ தூக்குவீங்க?”