புரோட்டானைக் காட்டுங்க

மலைமேல் ஒரு ரேடியோ தொலைநோக்கி நிலையம். அங்கே தேவசேனா என்ற விஞ்ஞானியிடம் ஐயாதுரை ஆய்வு மாணவராக இருந்தார். இருவரில் தலை நரைத்தவர் மாணவர்தான். கல்லூரி வாத்தியார் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்தவர்.

ஒரு வாரமாக அவர் குட்டி போட்ட பூனை மாதிரி வராந்தாவில் அலைந்தார். விஷயம் இதுதான். இரண்டு பெரிய கேலக்ஸிக் கூட்டங்கள் மோதிக்கொண்ட இடத்தில், அதுவரை யார் கண்ணிலும் படாத வில் போல வளைந்த மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று அவருடைய படத்தில் விழுந்திருந்தது. மோதலில் கிளம்பிய அதிர்ச்சி அலையின் தடம் அது.

அதே மோதலை எக்ஸ்ரேயில் ஆராயும் ஜெனிட்டா என்ற பெண் போனில் அந்தப் படத்தைக் கேட்டிருந்தாள். அது இல்லாமல் அவளுடைய ஆய்வு முழுமையாகாது. கொடுத்தால் தனக்கு முன்னால் வெளியிட்டு முந்திக்கொள்வாளே என்று ஐயாதுரை இழுத்தடித்தார்.

"மேடம், அடுத்த வருஷம் கொடுத்தா என்ன?"

"அவங்க உதவித்தொகை இந்த மார்ச்சோட முடியுது, சார்."

"எனக்கு மட்டும் வயசு திரும்பி வருமா? வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணு கிடைச்சிருக்கு. அதையும் தூக்கிக் கொடுத்துட்டு வெறுங்கையோட ஊருக்குப் போகவா?"

தேவசேனா அந்தப் படம் இருந்த கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"அந்த அலையில வேகம் எடுத்தது எதெல்லாம்?"

"எலக்ட்ரானும் புரோட்டானும். அலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பத் திரும்பப் போய் வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் ஏறும்." வகுப்பெடுத்துப் பழகிய வாய், கவலையை மறந்து பேசியது.

"இதுல புரோட்டானைக் காட்டுங்க."

ஐயாதுரை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"அது படத்துல விழாது மேடம். வாங்கின சக்தியை அப்படியே வச்சுக்கும். கோடிக்கணக்கான வருஷம் ஆனாலும் விடாது."

"எலக்ட்ரான்?"

"வாங்கினதை வெளிச்சமா விட்டுட்டு சீக்கிரமே ஓய்ஞ்சு போயிரும்."

"அப்போ நீங்க கண்டுபிடிச்ச வில்?"

"எலக்ட்ரான் விட்டதுதான்."

ஐயாதுரை உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மனசு ஆறவில்லை.

"ஆனா மேடம், புரோட்டான்கிட்ட எல்லாம் இன்னும் முழுசா இருக்கே?"

"இருக்கும்னுதான் எல்லாரும் சொல்றாங்க, சார். இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை."