துண்டுக்கு வெளியே

ஆலங்கிணறு ஆட்டுச்சந்தையில் பெரும்பாலும் விலையை வாயால் பேசுவதில்லை. தரகர் விற்பவரின் கைமேல் ஒரு துண்டைப் போடுவார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார். பக்கத்தில் நிற்பவருக்கு ஆடு தெரியும், துண்டு தெரியும். விலை தெரியாது.

அந்தச் சந்தையில் அருளப்பன் ஆறு வருடம் உட்கார்ந்தார். கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்ற பிறகு பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆய்வுக்கு வந்தவர் அவர். வயது அறுபத்தாறு. அவருடைய ஆசிரியை மங்கையற்கரசிக்கு நாற்பத்தாறு. சீடர் ஆசிரியையை மேடம் என்பார். ஆசிரியை சீடரை சார் என்பார். துறையில் சிலர் இதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. இருவரும் கண்டுகொண்டதில்லை.

விற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒன்பதாயிரம் ஆடுகளின் எடையையும் விலையையும் அருளப்பன் எழுதினார். ஒரே எடை, ஒரே வயது, ஒரே நாள். நாலு பேர் காதில் விழப் பேசி விற்ற ஆட்டைவிட, துண்டுக்குள் விற்ற ஆடு எட்டில் ஒரு பங்கு குறைவாகப் போயிருந்தது.

ஆய்வு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. பட்டம் கிடைத்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

அந்த வருடம் ஆலங்கிணற்றில் சந்தையைப் புதிதாகக் குத்தகைக்கு விட வேண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை நடப்பது. துண்டு கூடாது, விலையைப் பலகையில் எழுத வேண்டும் என்று நிபந்தனை சேர்க்க, கிராம சபையில் ஊர் கை தூக்க வேண்டும். அதற்கு ஐந்து நாள் முன்னால் அருளப்பன் அங்கே போனார். ஆடு வளர்க்கும் பெண்களைக் கூட்டி வைத்து ஆய்வைப் படித்துக் காட்டினார்.

மறுநாள் துறைக்குத் திரும்பி, ஆசிரியையின் முன்னால் வந்து நின்றார்.

"என்ன ஆச்சு சார்?"

"ஒரு மணி நேரம் பேசினேன் மேடம். தகவல் சமச்சீரின்மைன்னா என்னன்னு மூணு உதாரணம் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'நல்லா பேசுனீங்க அண்ணாச்சி'ன்னாங்க. எழுந்து போயிட்டாங்க."

"எல்லாருமா?"

"உலகநாதன்னு ஒரு தரகர் மட்டும் கடைசி வரைக்கும் இருந்தார். ரொம்ப சந்தோஷமா இருந்தார். டீ வாங்கிக் கொடுத்தார்."

ஆசிரியை சிரித்துவிட்டார். அருளப்பன் சிரிக்கவில்லை.

"நாலு நாள்தான் இருக்கு மேடம். கை தூக்கலைன்னா இன்னும் மூணு வருஷம் அந்தப் பொம்பளைங்க துண்டுக்குள்ளதான் கையை விடணும். இந்த ஆய்வைச் சனங்களுக்கு எப்படிச் சொல்றது? தரத்தைக் குறைச்சாத்தான் முடியுமா?"

ஆசிரியை கையை நீட்டினார். "உங்க துண்டு இருக்கா சார்?" என்றார்.

இருந்தது. விரல் பேச்சைக் கற்றுக்கொள்வதற்காகச் சந்தையிலேயே வாங்கிய துண்டு. பச்சைக் கரை போட்டது. பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆசிரியை அதை அவர் கைமேல் விரித்தார். உள்ளே கையை விட்டு அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். விட்டார். பிறகு இரண்டு விரலை மட்டும் பிடித்தார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார் அருளப்பன். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

துறையைக் கூட்டும் செண்பகம் துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"செண்பகம், நாங்க என்ன பேசினோம்?" என்று கேட்டார் ஆசிரியை.

"துண்டுக்குள்ள பேசுனா எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"உங்க கிடாவைத்தான் விலை பேசினோம்."

செண்பகம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "என் கிடாவையா? என்னைக் கேக்காமயா? எவ்வளவுக்கு?"

"சாரைக் கேளுங்க." ஆசிரியை விடைத்தாள் கட்டை இழுத்து வைத்துத் திருத்த ஆரம்பித்தார்.

அருளப்பன் தொண்டையைச் செருமினார். "அதாவது, சந்தையில் பங்கேற்பவர்களுக்கு இடையில்..."

"எவ்வளவுக்கு சார்?"

"ஐயாயிரத்து இருநூறு."

"நல்லா இருக்கே. பக்கத்து வீட்டு ஜெபமணி அதைவிடச் சின்னதை ஆறாயிரத்துக்கு வித்தா."

"அவங்க எங்க வித்தாங்க?"

"வீட்டு வாசல்ல வச்சு. தெருவே நின்னு பார்த்துச்சு."

"போன தடவை நீங்க?"

"சந்தையில." செண்பகம் துண்டைப் பார்த்தார். "துண்டுக்குள்ள."

"ஜெபமணிக்குக் கிடைச்ச விலை அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா?"

"குடுத்திருப்பேனா? கயித்தைப் புடிச்சிக்கிட்டுத் திரும்பி வந்திருப்பேன்."

"அதைத்தாம்மா நான் எழுதியிருக்கேன்."

"இதையா? இதுக்கா ஆறு வருஷம்?"

விடைத்தாளில் ஓடிய பேனா நின்றது. ஆசிரியை தலையைத் தூக்கவில்லை.

அருளப்பனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் சொன்னார். "நீங்க ஒருத்தர் போய்க் கேட்டா, உங்க ஆடு நோஞ்சான்னு சொல்லிடுவாங்க. பத்துப் பேர் கேட்டாலும் அதையேதான் சொல்லுவாங்க. ஒன்பதாயிரம் ஆடும் நோஞ்சானா இருக்க முடியாதுல்ல? அதுக்குத்தான் ஆறு வருஷம்."

செண்பகம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதை முதல்ல சொல்லியிருக்கணும்ல சார்."

"விலையைப் பலகையில எழுதச் சொல்லப் போறேன்."

"யாரு படிக்க? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். கூவச் சொல்லுங்க. மீன் ஏலத்துல கூவுறாங்கல்ல."

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் அது எங்கேயும் இல்லை. அருளப்பன் பேனாவைத் தேடினார். ஆசிரியை தன் பேனாவை நீட்டினார்.

துண்டு ஆசிரியையின் மேசையிலேயே கிடந்தது.

கிராம சபையில் அருளப்பன் செண்பகத்திடம் பேசிய மாதிரியே பேசினார். பலகைக்குப் பதில் விலையைக் கூவ வேண்டும் என்றார். பத்து நிமிடம் ஆகவில்லை. உடனே உலகநாதன் எழுந்தார்.

"அண்ணாச்சி பெரிய படிப்பாளி. ஆனா ஆட்டைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? விலை குறைஞ்சுதுன்னா ஆடு நோஞ்சான்னு அர்த்தம்."

அருளப்பன் அட்டவணையை எடுக்கப் பையைத் திறந்தார். தாள்களைப் புரட்டினார். பக்கம் கிடைக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து பேச்சியம்மாள் என்ற பெண் எழுந்தாள். இரண்டு நாள் முன்னால்தான் துண்டுக்குள் ஒரு கிடாவை விற்றிருந்தாள்.

"ஒன்பதாயிரம் ஆடுமா ஓய் நோஞ்சான்? அப்போ இத்தனை வருஷமா நோஞ்சானையா வாங்கிக் கசாப்புக்கு அனுப்புனீரு?"

கூட்டம் சிரித்தது. உலகநாதனும் சிரித்து உட்கார்ந்துவிட்டார். முதலில் பெண்கள் பக்கம் கைகள் எழுந்தன. பிறகு ஆண்கள் பக்கமும். அருளப்பன் பையை மூட மறந்து நின்றார்.

ஒரு மாதம் கழித்து ஆசிரியையைப் பார்க்க வந்தார்.

"கூவுறாங்க மேடம். பஸ் நிறுத்தம் வரைக்கும் கேக்குது."

"சந்தோஷம்தானே சார்?"

"சந்தோஷம்தான்."

அருளப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து பஸ்ஸில ஒரு அம்மா பக்கத்துல உட்கார்ந்தாங்க. மடியில ஆட்டுக்குட்டி. அவங்களுக்கு என்னைத் தெரியாது. என் ஆய்வை எனக்கே சொன்னாங்க."

"சரியாச் சொன்னாங்களா?"

"எட்டில் ஒரு பங்குவரைக்கும் சரியா இருந்துது. என்னைவிட நல்லா சொன்னாங்க. கடைசியில, 'இது நாங்க கண்டுபிடிச்சது அண்ணாச்சி'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அருளப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"'அப்படியா, இன்னொரு தடவை சொல்லுங்க'ன்னேன்."

ஆசிரியை எழுந்தார். மேசையில் கிடந்த பச்சைக் கரைத் துண்டை எடுத்து உதறினார். நீளவாக்கில் மடித்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இனிமே தோளில போட்டுக்கிட்டுப் போங்க சார்."